தொலைத்தொடர்பு ஆணையங்கள் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்வதால் கிராமங்களுக்கு இணையம் வந்துவிடுமா?

கேள்வி கேட்ட நண்பர் கீழே ஒரு சந்தேகத்தையும் சேர்த்திருக்கிறார்: டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) மாதிரி ஆணையங்களின் அதிகாரிகள் வெளிநாடு போய் ‘அனுபவப் பகிர்வு’ என்று உட்கார்ந்து பேசுவது அரசுச் செலவில் ஊர் சுற்றுவதுதானே?

சில சமயம் அப்படித்தான் முடிகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் முறையாக நடந்த இடத்தில் பலன் கிடைத்திருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் மெக்ஸிகோவில் தொடங்கி கென்யா வரை போகிறது.

மெக்ஸிகோவின் வஹாக்கா மாநில மலைப்பகுதியில் தலேயா தே காஸ்த்ரோ என்று ஓர் ஊர். சபோதெக் பழங்குடி மக்கள் வாழும் சின்ன ஊர். இவ்வளவு குறைவான ஆட்களுக்காக டவர் போட எந்த செல்போன் நிறுவனமும் வரவில்லை. 2013-ல் ரைசோமாட்டிகா என்ற தொண்டு அமைப்பின் உதவியோடு ஊரே தனக்கென்று ஒரு செல்போன் நெட்வொர்க் அமைத்துக்கொண்டது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் இறங்கின. எல்லாம் சேர்ந்து டிஐசி என்ற சங்கமானது. கட்டணம் மாதம் 40 பெசோ. அதில் 25 ஊரிலேயே தங்கும், 15 பராமரிப்புக்காகச் சங்கத்துக்குப் போகும்.

இதில் மெக்ஸிகோவின் தொலைத்தொடர்பு ஆணையம் (ஐஎஃப்டி) செய்ததைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ‘உரிமம் இல்லாமல் நடத்துகிறீர்கள்’ என்று கருவிகளைப் பறிமுதல் செய்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் முதலில் சோதனை அனுமதி கொடுத்தது. 2014-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில், லாப நோக்கமில்லாத சமூகங்களுக்கும் பழங்குடிகளுக்கும் ‘சமூகப் பயன்பாடு’ என்று தனி உரிம வகையே வந்தது. 2016-ல் டிஐசி சங்கத்துக்கு 5 மாநிலங்களில் 15 ஆண்டுகளுக்கு உரிமம் கிடைத்தது. கோடிகளில் ஏலம் போகிற அலைக்கற்றையில் ஒரு துண்டு ஏலமே இல்லாமல் பழங்குடிச் சங்கத்தின் கைக்குப் போனது.

சரி, இதை கென்யத் தலைநகர் நைரோபியில் இருக்கும் ஓர் அதிகாரி அறிக்கையில் படிக்கிறார் என்று வையுங்கள். நல்ல விஷயம் என்று தலையாட்டுவார், அதோடு சரி. ஏனென்றால் அவருக்கு வேண்டிய விவரம் அறிக்கையில் இருக்காது. எந்தப் பிரிவின் கீழ் கொடுத்தீர்கள்? பெரிய நிறுவனம் நீதிமன்றம் போனால் என்ன சொல்வீர்கள்? ஏன் இலவசமாகக் கொடுத்தாய் என்று தணிக்கைக்காரர் கேட்டால் கோப்பில் என்ன எழுதியிருக்க வேண்டும்? அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவரால்தான் இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியும். கன்சல்டன்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

தொலைத்தொடர்புக் கொள்கை பற்றிக் கருத்து எழுதி அனுப்புகிற வேலையில் இருப்பதால், இப்படியான சில ஆன்லைன் அமர்வுகளில் பார்வையாளனாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் அரை மணி நேரம் எல்லோரும் அவரவர் நாட்டின் ஸ்லைடுகளைக் காட்டுவார்கள். அது வெறும் சடங்கு. ஒருமுறை ஸ்லைடெல்லாம் முடிந்த பிறகு, ஓர் ஆப்பிரிக்க நாட்டு ஆணையத்தின் இளநிலை அதிகாரி மைக்கை ஆன் செய்து, “உங்கள் விண்ணப்பப் படிவத்தை அப்படியே அனுப்ப முடியுமா?” என்று கேட்டார். படிவத்தைத் தயாரித்த நாட்டின் பெண் அதிகாரி அங்கேயே திரையில் திறந்து காட்டினார். வருடாந்திர வரவுசெலவு, வங்கி உத்தரவாதம் கேட்கிற கட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஊர்க்கூட்டத் தீர்மானத்தின் நகலை மட்டும் கேட்டிருந்தார்கள். கேட்டவர் உடனே, “கூட்டம் உண்மையிலேயே நடந்ததா என்று எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?” என்றார். அன்று முழுக்க அதுதான் பேச்சு. அடுத்த அலைவரிசைக்காரரிடமிருந்து குறுக்கீடு புகார் வந்ததா, அளக்க யார் போனார்கள், வண்டிச் செலவு யாருடையது என்று போய்க்கொண்டே இருந்தது. திறன் வளர்ப்பு என்றால் எனக்கு அன்றைக்குப் பார்த்ததுதான்.

கென்யாவில் நடந்ததும் இந்த வகைதான். அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் கிக்டாநெட் என்ற உள்ளூர் அமைப்போடும், ஏபிசி, ரைசோமாட்டிகா ஆகிய வெளி அமைப்புகளோடும் சேர்ந்து வேலை செய்தது. பிரிட்டிஷ் அரசின் ஒரு திட்டம் பணம் கொடுத்தது. வஹாக்காவில் ஊர்களோடு நின்ற அதே ரைசோமாட்டிகாவின் அனுபவம் நைரோபி ஆணையத்துக்கும் கிடைத்தது. 2021-ல் சமூக நெட்வொர்க்குகளுக்கென்று, அதாவது ஊர்மக்களே நடத்தும் நெட்வொர்க்குகளுக்கென்று, தனி உரிம விதிமுறையும், அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் கென்யாவில் வெளியாயின. மெக்ஸிகோவின் சட்டத்தை அப்படியே நகலெடுக்கவில்லை, தங்கள் நாட்டு உரிம அமைப்புக்குள் பொருந்தும்படி புதிய வகையை உருவாக்கினார்கள். நைரோபியின் கிபேரா போன்ற நெருக்கடியான குடியிருப்புகளில் ஏற்கனவே வைஃபை நெட்வொர்க் நடத்திக்கொண்டிருந்த குழுக்களுக்கு இது பெரிய விஷயம்.

மெக்ஸிகோவில் அந்த ஆணையமே இப்போது இல்லை. 2024 இறுதியில் வந்த அரசியலமைப்புத் திருத்தம் அதைக் கலைக்க வழிசெய்தது. ஓர் அலுவலகம் கலையும்போது அதோடு அனுபவமும் கலைந்து போவதுதான் வழக்கம். இந்த விஷயத்தில் கொஞ்சமாவது வேறு நாட்டு விதிமுறைகளில் தங்கியிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

கற்றுக்கொள்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வெற்றிக் கதை எல்லை தாண்டுகிற வேகத்தில் தோல்விக் கதை தாண்டுவதில்லை. சிலி நாடு 1990-களின் நடுவில் ஒரு புது வழி கண்டுபிடித்தது. கிராமத்தில் பொதுத் தொலைபேசி வைக்க யார் மிகக் குறைந்த மானியம் கேட்கிறார்களோ அவர்களுக்கே வாய்ப்பு. பெரு அதைப் பின்பற்றியது. பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. இந்தியாவில் கிராமத் தொலைத்தொடர்புக்கென்று 2002-ல் செயலுக்கு வந்த யுஎஸ்ஓ நிதியும் குறைந்த மானியம் கேட்பவருக்கே பணி என்ற முறையில் ஏலம் விட்டது. நல்ல யோசனைதான். ஆனால் சிலியில் ஏலம் எடுத்த கிராமப்புற நிறுவனங்கள் ஊருக்குள் வரும் அழைப்புகளுக்கான இணைப்புக் கட்டணத்தை நம்பியே பிழைத்தன. அந்தக் கட்டணம் மாறி, செல்போனும் வந்துவிட்டால் அந்த நிறுவனங்கள் என்ன ஆகும் என்ற பாடம் ஏல முறை பரவிய அளவுக்குப் பரவவில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். தெற்காசியாவில் இதற்கென்றே 1997-லிருந்து எஸ்ஏடிஆர்சி என்ற ஆணையங்களின் குழு இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடான், மாலத்தீவு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் ஆகிய 9 நாடுகள் இதில் உறுப்பினர்கள். அங்கே இந்தியா துணிந்து எடுத்து வைக்க வேண்டிய பாடம் பிஎம்-வாணி என்பேன். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். டீக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல், பதிவுக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். உலகத்தில் அதிகம் பேர் செய்யாத துணிச்சல் இது. ஆனால் 2018 தொலைத்தொடர்புக் கொள்கை 2022-க்குள் 1 கோடி பொது வைஃபை இடங்கள் என்று இலக்கு வைத்தது, வந்ததோ சில லட்சம்தான். ஒரு முக்கியக் காரணம், அந்த டீக்கடைக்காரரிடம் இணைய இணைப்புக்குப் பெரிய அலுவலகங்களுக்கான லீஸ்டு லைன் விலையைக் கேட்டார்கள். வீட்டு பைபர் இணைப்பின் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று டிராய் உத்தரவிட்டது 2025-ல்தான். சில்லறை வாசலைத் திறந்துவிட்டு மொத்த விலையை மறந்துவிட்டோம் என்பதை நேபாளத்து அதிகாரியோ இலங்கை அதிகாரியோ நம் அதிகாரியின் வாயிலிருந்தே கேட்டால் அவர்களுக்குச் சில வருடங்கள் மிச்சமாகும்.

பதிலுக்கு நாம் கற்க வேண்டியதும் இருக்கிறது. நம்மூரில் இணையச் சேவை உரிமம் கேட்க நீண்ட காலமாகக் கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனமாக இருக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவோ, ஊராட்சியோ, கூட்டுறவுச் சங்கமோ நேராகப் போய் நிற்க முடியாது. இவர்களுக்கு நேராக உரிமம் கொடுப்பது எப்படி என்பதுதான் கென்யாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

யாரை அனுப்ப வேண்டும் என்றால், தலைவரையும் உறுப்பினரையும் விட விதியை வரைவு செய்கிற ஆட்களைத்தான். ஒரு தடவை போய்வந்தால் போதாது, வரைவு முடிகிறவரை எதிர்ப்பக்கத்து ஆளுக்கு போன் போட்டுக் கேட்கிற பழக்கம் இருக்க வேண்டும். அதோடு, நெட்வொர்க் நடத்துகிற ஊர்க்காரர்களும் அதே அறையில் உட்கார வேண்டும். அவர்கள் இல்லாத கூட்டத்தில் படிவம் எப்போதும் அதிகாரிக்கு வசதியாகத்தான் முடியும்.

நண்பருக்கு ஒரு வேலை சொல்கிறேன். டிராய் வெளியிடும் ஆலோசனை அறிக்கைகளில் பெரும்பாலும் ‘பன்னாட்டு நடைமுறை’ என்று ஒரு பகுதி இருக்கும். எந்த நாட்டில் என்ன விதி என்று வரிசையாகச் சொல்லும். அந்த விதி வந்தபிறகு அங்கே என்ன நடந்தது என்பது பெரும்பாலும் இருக்காது. அடுத்த அறிக்கை வரும்போது அந்தப் பகுதியைத் திறந்து, இந்த ஒரு கேள்வியை மட்டும் கருத்தாக எழுதி அனுப்புங்கள். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். வரும் கருத்துகளை டிராய் தன் தளத்தில் வெளியிடுகிறது. நானும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.