கருவி இன்னும் கத்துகிறது, தோண்டலாமா?

கேள்வி: குடும்ப நிலத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியதில் ஒரே இடத்தில் பதினேழு பழைய செப்புக் காசுகளும் ஒரு வெண்கலத் துண்டும் கிடைத்தன. நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டேன். அதே இடத்தில் கருவி இன்னும் கத்துகிறது. எங்கள் நிலம், எங்கள் முன்னோர் பொருள். ஆழமாகத் தோண்டுவதில் என்ன தவறு? காசுகள் என்ன விலை போகும்?

பதில்: தோண்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் தந்த வார்த்தை "தேய்த்து". மண்ணுக்குள் கிடந்த செம்பின் மேல் படியும் பச்சைத் தோல் அழுக்கில்லை. காசில் மிஞ்சியிருக்கும் எழுத்தும் உருவமும் பல நேரம் அந்தத் தோலில்தான் இருக்கும். காசுகளைக் கட்டிவைத்த துணியின் நெசவுகூட அந்தப் பச்சையில் பதிந்து தப்பிப் பிழைப்பதுண்டு. தேய்த்தால் எல்லாம் போய்விடும். விலை கேட்கிறீர்கள். நாணயம் சேகரிப்பவர்களே தேய்த்த காசைத் தள்ளிவைத்துவிடுவார்கள். சரி, நடந்தது நடந்துவிட்டது, இனி ஒன்றையும் கழுவாதீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்தப் பதினேழு. வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைப்பது யாரோ தவறவிட்ட காசாக இருக்கும். ஒரே இடத்தில் பதினேழு என்றால் யாரோ வேண்டுமென்றே வைத்தது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். உழவு படும் மேல்மண், ஏறக்குறைய ஓரடி, ஏற்கெனவே பலமுறை புரண்டது. அதற்குக் கீழே இருப்பது வைத்தவர் வைத்தபடியே இருக்கலாம். கீழே பானையா, பெட்டியா, வெறும் குழியா என்பதை ஒரே ஒருமுறைதான் பார்க்க முடியும். மண்வெட்டி இறங்கிவிட்டால் அப்புறம் எந்த நிபுணர் வந்தும் பயனில்லை.

1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னி கிராமத்தில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேட அவருடைய நண்பர் மெட்டல் டிடெக்டருடன் போனார். கிடைத்தது ரோமானியப் புதையல். கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் மறுநாளே வந்து முறையாக எடுத்தார்கள். சுமார் 15,000 காசுகள், தங்க நகைகள், வெள்ளிச் சாமான்கள். அவற்றை விடவும் என்னை ஈர்ப்பது மக்கிப்போன சுவடுகள்தான். ஓக் மரப் பெட்டி, அதற்குள் சிறு பெட்டிகள், பொருள்கள் உரசாமல் இருக்க வைத்த வைக்கோல். அந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு அக்கறையாக அடுக்கிவைத்தார்கள் என்பது அதனால்தான் தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

2010இல் அதே இங்கிலாந்தில் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே இன்னொருவருக்கு நேர்ந்தது அப்படியே உங்கள் கதைதான். முதலில் இருபது சொச்சம் காசுகள், அப்புறம் பானையின் விளிம்பு. அதோடு குழியை மூடிவிட்டுச் சொல்லி அனுப்பினார். உள்ளே 52,503 காசுகள், ஏறக்குறைய 160 கிலோ. அடுக்கு அடுக்காக எடுத்ததில் காலத்தால் பிந்திய காசுகளில் பெரும்பகுதி பானையின் கீழ்ப்பாதியில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகப் போட்ட சேமிப்பென்றால் அவை மேலே அல்லவா இருந்திருக்கும்? எல்லாம் ஒரே காலத்தில் கொட்டப்பட்டவை என்று அப்படித்தான் புரிந்தது. அவர் பானையைக் கவிழ்த்து அள்ளியிருந்தால் இந்தச் செய்தி உலகத்துக்கு வந்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. 2015இல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் வைக்கிங் எனும் வடநாட்டுக் கடலோடிகள் காலத்துப் புதையலை எடுத்த இருவர் யாருக்கும் சொல்லாமல் விற்றார்கள். 2019இல் சிறைக்குப் போனார்கள். காசுகளில் பெரும்பாலானவை இன்றுவரை மீளவில்லை.

"எங்கள் முன்னோர் பொருள்" என்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? வழிப்போக்கர் புதைத்துவிட்டுத் திரும்பி வராமல் போனதாகவும் இருக்கலாம். உண்மையிலேயே முன்னோருடையது என்றால், அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஒரே வாய்ப்பை மண்வெட்டியால் கொத்துவீர்களா?

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. சொந்த நிலம் என்பதால் எங்கும் கேள்வியில்லை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 14 நாள் கெடு. அயர்லாந்தில் அனுமதியில்லாமல் தொல்பொருளைக் கருவி வைத்துத் தேடுவதே குற்றம்.

தேடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், மேல்மண்ணில், ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தேடுபவர்களால் வரலாறு வளர்ந்திருக்கிறது. இரும்புக்குக் கத்தாதபடி கருவியை வைத்திருந்தீர்களா? அப்படியானால் பெட்டியின் ஆணிகள் அங்கேயே கிடக்கலாம். அவற்றையும் தொடாதீர்கள்.

இப்போது குழியைப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், போனில் இடத்தைக் குறியுங்கள், அதே மண்ணால் மூடுங்கள். காசுகளைத் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். இன்றே தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ எழுதுங்கள். அவர்கள் வரும்போது நீங்களும் கூடவே நில்லுங்கள். எந்தக் காசு எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.