லீட்ஸில் யூஎக்ஸ் வேலை தேடும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இங்கிலாந்தின் லீட்ஸில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, படிப்பு முடித்தவர்கள் இங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசாவில் இருக்கிறீர்கள். ஐந்து மாதத்தில் எழுபது விண்ணப்பம் போட்டும் யூஎக்ஸ் ரிசர்ச்சர் வேலைக்கு, அதாவது ஒரு தளத்தையோ ஆப்பையோ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று கூட உட்கார்ந்து ஆராய்கிற வேலைக்கு, ஒரு நேர்காணல்கூட வரவில்லை. 'ஆட்களிடம் பேசியே பிழைக்கிற வேலை இது, என் ஈரோட்டு ஆங்கிலத்தோடு நடக்குமா, இல்லை டேட்டா அனலிஸ்ட் பக்கம் போய்விடட்டுமா அக்கா?' என்று கேட்கிறீர்கள். போகாதீர்கள். நான் கரூரிலிருந்து வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதில் பத்து வருடம் இந்த வேலைதான்.

முதலில் ஆங்கிலம். இந்த வேலையில் என் முதல் வருடத்தில் பிராட்ஃபோர்டில் ஒரு நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, கணவருக்கான உதவித்தொகைப் படிவத்தின் மாதிரியை லேப்டாப்பில் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் 'லவ்லி, நோ ப்ராப்ளம் அட் ஆல்' என்றார். நானும் அப்படியே குறித்துக்கொண்டேன். அவர் போன பிறகு, கூட இருந்த சீனியர் கேட்டார்: 'அவர் கையைப் பார்த்தாயா?' நான் பார்க்கவில்லை. பதிவைத் திரும்ப ஓட்டினோம். வருமானம் கேட்கிற பக்கத்தில் அவர் மூன்று முறை பின்னே போய் வந்திருக்கிறார். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வாய்க்கு வந்த ஒரு தொகையைப் போட்டுவிட்டு 'லவ்லி' என்றிருக்கிறார். கேட்பது வாரக் கணக்கா மாதக் கணக்கா என்பது அடியில் சின்ன எழுத்தில் கிடந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் பேங்கில் எதுவும் புரியாமலே 'சரிங்க சார்' என்று தலையாட்டுவார்களே, அதேதான். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டிருந்தால் தவறான தொகை போட்ட எத்தனை பேருக்குப் பணம் நின்று போயிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஆக, சரளமாகப் பேசுவது இங்கே இரண்டாம் பட்சம். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஏழு வரை எண்ணத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 'நாட் டூ பேட்' என்றால் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம், 'கொய்ட் குட்' என்றால் பல நேரம் சுமார் என்று அர்த்தம். இதெல்லாம் ஒரு வருடத்தில் காதுக்குப் பழகிவிடும். இன்னொன்று, நீங்கள் வெளியூர்க்காரர் என்பது இந்த வேலையில் கூடுதல் பலம். 'அப்படியென்றால் என்னங்க?' என்று இந்த ஊர்க்காரர் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாம் கேட்டால் பொறுமையாக முதலிலிருந்து சொல்வார்கள். நமக்குத் தேவையான விஷயம் அந்த விளக்கத்தில்தான் வரும்.

அப்புறம், எங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் எல்லாமே பெரிய டெக் கம்பெனிகள். 2022 கடைசியிலிருந்து நடந்த ஆட்குறைப்புகளில் ரிசர்ச்சர்கள் பலர் வேலை இழந்தார்கள். பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் இன்று உங்களோடு அதே வரிசையில் நிற்கிறார்கள். இந்த நாட்டில் இந்த வேலைக்கு வேரூன்றிய இடம் அரசுத் துறை. 2011-ல் ஜிடிஎஸ் என்ற அரசு டிஜிட்டல் பிரிவு வந்தது, 2012 அக்டோபரில் அரசின் பொது இணையதளமான கவ்.யூகே வந்தது, 2014-ல் அரசுச் சேவைகளுக்கான தரவிதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் முதல் விதியே பயனர்களைப் புரிந்துகொள்வதுதான். மாற்றுத்திறனாளிகளோடும், கணினி பழக்கமில்லாதவர்களோடும் உட்கார்ந்து பார்த்தாயா என்று மதிப்பீட்டுக் குழு கேட்கும். அதனால் லீட்ஸ், நியூகாசில் பக்கமெல்லாம் ரிசர்ச்சர்கள் இருக்கிறார்கள். அசோசியேட்டில் தொடங்கி ஹெட் வரை படிநிலையும் தெளிவாக வகுத்து வைத்திருக்கிறார்கள்.

'அரசு வேலை நமக்கு எப்படிக் கிடைக்கும்?' என்று விட்டுவிடாதீர்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் விட்டேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே சிவில் சர்வீஸின், அதாவது அரசுத் துறைகளின், பெரும்பாலான பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம், இந்தியர் என்பதால் நமக்கும் அது பொருந்தும். வேலை செய்யும் விசா உரிமை மட்டும் வேண்டும். உயர் பாதுகாப்புச் சோதனை தேவைப்படும் பணிகளுக்குப் பொதுவாக 5 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். எல்லாத் துறையும் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்வதில்லை, வேலை விளம்பரத்தின் அடிப்பகுதியில் போட்டிருப்பார்கள். அப்படி ஸ்பான்சர் செய்து தரும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக ஏறியது. கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு 33,400 என்று குறைந்த வரம்பு இருக்கிறது, அதை நினைவில் வையுங்கள். அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் பக்கம் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அதை நடத்துகிற என்ஹெச்எஸ் இங்கிலாந்து அமைப்பையே கலைக்கப்போவதாக 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டார்கள், அங்கே எல்லோரும் கலக்கத்தில் இருக்கிறார்கள்.

ஏஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள். உரையாடலை எழுத்தாக்குவது, குறிப்புகளைத் தொகுப்பது எல்லாம் இப்போது அதுதான் செய்கிறது, அதில் எனக்கு வாரத்துக்கு ஒரு நாள் மிச்சம். ஆனால் ஆட்களுக்குப் பதிலாக ஏஐயையே பதில் சொல்ல வைக்கலாம் என்று விற்கிறார்களே, அதை நான் ஏற்கமாட்டேன். அது 'லவ்லி' என்று சொல்லும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்காது.

செய்த வேலைகளைக் காட்டும் உங்கள் போர்ட்ஃபோலியோவில் உணவு டெலிவரி ஆப் ஒன்றும் டேட்டிங் ஆப் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிடுங்கள், நூறு பேரிடம் அதே இருக்கும். 'ஃபர்ஸ்ட் நேம், சர்நேம்' கட்டங்களில் இனிஷியலோடு நீங்கள் பட்ட பாடு இருக்கிறதல்லவா, அதை எடுங்கள். சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு, எனக்கு வந்த கடிதமெல்லாம் 'மிஸ் பழனிசாமி' என்று வந்தது. கவ்.யூகே வடிவமைப்பு வழிகாட்டியே, ஒரே பெயர்க் கட்டம்தான் அதிகம் பேருக்குப் பொருந்தும் என்கிறது. ஐந்தாறு பேரை உட்காரவைத்து நிரப்பச் சொல்லிப் பாருங்கள்: ஒரு தமிழர், ஒரு சோமாலியர், ஒரு ஸ்பானியர், கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய ஒரு யார்க்‌ஷயர் பெண். யார் எங்கே தயங்கினார்கள் என்று எழுதுங்கள்.

சிவில் சர்வீஸ் விண்ணப்பத்தில் நீங்கள் எப்படி வேலை செய்தீர்கள் என்று காட்ட உதாரணங்கள் கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 250 சொல்தான் தருவார்கள். முதலில் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். வரும் ஞாயிறு மதியத்துக்கு மேல் போனில் சேர்ந்து உட்கார்ந்து ஆங்கிலமாக்குவோம்.