“அந்த மரம் எனக்குத் தெரியும்”

கேள்வி: எனக்கு வயது 29. பினாங்கு ஜார்ஜ்டவுனில் கணக்கராக வேலை செய்கிறேன். வார இறுதிகளில் தெலுக் பஹாங் பக்கம் லோத்தோங் குரங்குகளைக் கண்காணித்துக் குறிப்பெடுக்கும் தன்னார்வலர்களுடன் போவது வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று, தண்ணீர்மலை அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் என் காதலரைச் சந்தித்தேன். அவர் கெடாவில் தோட்டத்தில் வளர்ந்தவர். உரிமம் பெற்ற துப்பாக்கியோடு பன்றி வேட்டைக்குப் போகிறவர். தொடக்கத்தில் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. இப்போது சண்டை வரும்போதெல்லாம் கொன்ற விலங்குகளின் படங்களை எனக்கு அனுப்புகிறார். மூன்று நாள் பேசாமல் இருந்தபோது கீஜாங் மானின் தலை ஒன்று வந்தது. “இதற்கு நீதான் காரணம்” என்று கீழே எழுதியிருந்தார். குட்டியோடு ஒரு லோத்தோங் குடும்பம் தங்கும் மரத்தை முன்பு ஆசையாக அவருக்குக் காட்டியிருந்தேன். பிரிந்துவிடலாம் என்று சொன்ன அன்று, “அந்த மரம் எனக்குத் தெரியும்” என்றார். மறுநாள் அழுதார், நான் கூடவே இருந்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார். நானும் யோக்கியமில்லை. அவர் வீட்டு உறைபெட்டியில் இருந்த இறைச்சியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, என்னை விட்டுப் போனால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு அனுப்புவேன் என்று ஒரு முறை மிரட்டியிருக்கிறேன். ஆவணியில் நிச்சயதார்த்தம். திருமணமானால் திருந்திவிடுவார் என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சோங் பூங்கா

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேட்டைக்காரரும் விலங்குகளை நேசிப்பவரும் சேர்ந்து வாழ முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று முதல் முறை தோன்றியது. இரண்டாவது முறை படித்தபோது, அந்தக் கேள்வி உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை என்று புரிந்தது.

நானும் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். என் பெரியப்பா நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போவார். கிடைத்த கறி லயன் வீடுகள் அத்தனைக்கும் பங்காகும். பெரியம்மாவோ அந்தக் கறியைத் தொடமாட்டார். அதற்கென்று தனிச்சட்டி கொல்லைப்புறத்தில் இருந்தது. நாற்பது ஆண்டுகள் அப்படியே குடும்பம் நடத்தினார்கள். பெரியம்மாவோடு பிணக்கு வந்த நாளில், செத்த பன்றியை அவர் கண்ணெதிரே கொண்டுவந்து போட வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உங்கள் காதலர் அதைத்தான் செய்கிறார். காட்டுப்பன்றியை அவர் எதற்காகச் சுடுகிறாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மானின் தலை உங்களுக்காகவே அனுப்பப்பட்டது. எந்த இடத்தில் தொட்டால் உங்களுக்கு வலிக்கும் என்பதை நீங்களே அன்போடு அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் குறி தவறாமல் அந்த இடத்தையே தொடுகிறார்.

தண்ணீர்மலையில் சந்தித்ததாக எழுதியிருப்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தினைப்புனம் காத்த வள்ளியிடம் முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்தும் அவள் இணங்காதபோது, பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, அவள் அஞ்சி ஓடிக் கிழவனைக் கட்டிக்கொண்டாள் என்று கதை கேட்டிருப்பீர்கள். தெய்வத்தின் திருவிளையாடல் என்பதால் அது இனிக்கிறது. மனிதன் ஒருவன் விலங்கைக் காட்டிப் பெண்ணை அச்சுறுத்தித் தன் பக்கம் இழுக்கும்போது அதற்குத் திருவிளையாடல் என்று பெயரில்லை, மிரட்டல் என்றுதான் பெயர்.

இதில் சட்டத்துக்கும் இடமுண்டு. தீபகற்ப மலேசியாவில் காட்டுப்பன்றியைச் சுடுவதற்குக் காவல் துறையின் துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது, பெர்ஹிலித்தானின் வேட்டை உரிமமும் வேண்டும். ருசா, கீஜாங் மான்களுக்கோ பல ஆண்டுகளாக வேட்டை உரிமம் வழங்கப்படுவதே இல்லை. ஆகவே உங்களுக்கு வந்த தலை உள்ளூரில் அவர் சுட்ட மானுடையது என்றால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் கீழ் அது குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட பிறகு அச்சட்டத்தின் தண்டனைகள் மிகவும் கடுமையாகிவிட்டன. அந்த இறைச்சி வைக்கப்பட்டிருக்கும் வீட்டில் நாளை நீங்கள் மருமகளாக நுழைந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கும் வரலாம் என்பதை உங்கள் அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் எடுத்த படத்துக்கு வருகிறேன். அதை நீங்களே எழுதியதை மதிக்கிறேன்; பலர் மறைத்திருப்பார்கள். குற்றம் நடந்திருப்பதாக நம்பினால் புகார் செய்வது குடிமகளின் கடமை. அதே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னோடு இருந்தால் மறைப்பேன், பிரிந்தால் அனுப்புவேன் என்று பேரம் பேசியபோது, அந்த விலங்கின் உயிரை நீங்களும் ஒரு கயிறாகத் திரித்துவிட்டீர்கள். அவர் இழுப்பதும் அதே கயிற்றைத்தான். இரண்டு தவறுகளின் எடை ஒன்றென்று நான் சொல்லவில்லை. துப்பாக்கி அவரிடம்தான் இருக்கிறது. எனினும் இந்த உறவு உங்களை எப்படிப்பட்டவராக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தப் படமே சாட்சி. அதை அனுப்புவதென்றால் எந்த நிபந்தனையும் வைக்காமல் அனுப்புங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லவும் வேண்டாம்.

நீங்கள் கூடவே இருந்தால் துப்பாக்கியை ஒப்படைப்பேன் என்ற வாக்குறுதியில்தான் உங்கள் மனம் சிக்கியிருப்பதாக நினைக்கிறேன். அடிபட்ட விலங்கைப் பொறுமையோடு மீட்டுப் பழகியவர்களுக்கு வரும் ஆசை இது: இன்னும் கொஞ்சம் அன்பு காட்டினால் இவரும் தேறிவிடுவார் என்ற ஆசை. காயம்பட்ட குரங்கு கடித்தால் அது வலியினால் கடிக்கிறது. மருந்தைக் கட்டிக் காட்டில் விட்டுவிடலாம். எந்தச் சொல் எங்கே தைக்கும் என்று எண்ணிப் பார்த்துச் செய்தி அனுப்புகிற முப்பது வயது மனிதருக்கு அந்த மருத்துவம் பலிக்காது. மெய்யாகவே துப்பாக்கியைக் கைவிட நினைப்பவர் காவல் நிலையத்துக்குத் தனியாகவே போகலாம். அதற்கு நீங்கள் பணயமாக நிற்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த நிச்சயதார்த்தம் நடக்கக் கூடாது என்பதே என் கருத்து. மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும். ஆனால் பிரியும் விதத்தில் கவனம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவரிடம், மிரட்டிப் பழகியவரிடம், கடைசியாக ஒரு முறை தனியே உட்கார்ந்து பேசித் தெளிவுபடுத்தப் போகாதீர்கள். முடிவைச் செய்தியாகவோ, பெரியவர்கள் முன்னிலையிலோ ஒரே முறை சொல்லுங்கள். அதன் பின் வரும் அழுகைக்கும் கோபத்துக்கும் பதில் அனுப்ப வேண்டாம். அதே நேரத்தில் எந்தப் படத்தையும் செய்தியையும் அழிக்கவும் வேண்டாம், தேதியோடு சேமித்து வையுங்கள்.

குடும்ப வன்முறைச் சட்டம் 1994 திருமணமாகாத காதலர்களைக் காப்பதில்லை என்பது பல பெண்களுக்குத் தெரியாது. உங்களுக்குப் பொருந்துவது, 2023-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 507ஏ பிரிவு. ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்வதும், அச்சமூட்டும் வகையில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், பொருள்களை அனுப்புவதும் அதன்கீழ் குற்றமாகின்றன. மூன்று ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது, அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பினாங்கில் 1985 முதல் இயங்கிவரும், டபிள்யூ.சி.சி. என்று அறியப்படும் மாற்றத்துக்கான பெண்கள் மையத்தை அணுகலாம். தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணையும் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அந்த மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருக்கு இடம் தெரியும் என்பதை உங்கள் தன்னார்வலர் குழுவின் பொறுப்பாளரிடம் இன்றே சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும், நம்பியவரிடம் சொன்ன ரகசியம் இப்படித் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, அவர்கள் புரிந்துகொள்வார்கள். லோத்தோங் குட்டியின் ஆரஞ்சு நிறம் சில மாதங்களில் சாம்பலாகிவிடும், அதன்பின் இலைகளுக்கு நடுவே அதை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அதுவரை அந்தப் பக்கம் போவதென்றால், இரண்டு மூன்று பேரோடு சேர்ந்தே போங்கள்.