எழுவான்கரை, படுவான்கரை: மண்ணும் மழையும் வணிகமும் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இப்பகுதிப் பாடசாலைகளில் நீண்டகாலம் புவியியல் கற்பித்த ஒருவர் பதிலளிக்கிறார்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை: ஐயா, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக உள்ள எழுவான்கரையில் வீட்டுக்கு வீடு மதில் தொட்டு நிற்கிறது. வாவிக்கு அப்பால் மேற்கே படுவான்கரையில் ஊர்கள் தூரந்தூரமாகக் கிடக்கின்றன. கடற்றொழில்தான் காரணமா?

கடற்றொழில் ஒரு காரணமே தவிர முதற்காரணம் அன்று. முதற்காரணம் குடிநீர் என்பேன். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்மேட்டில் பெய்யும் மாரிமழை நேரே கீழிறங்கித் தங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், இருபுறமும் உவர்நீர் சூழ்ந்திருந்தும் மணலுக்குள் அது மேலாக மிதந்து நிற்கிறது. ஆகவே சில முழம் தோண்டினாலே, கோடையிலும் வற்றாத கிணறு கிடைத்தது. மாரிவெள்ளம் ஏறாத உயரமும் அதே மேட்டுக்கு உண்டு, தென்னையும் அங்கே செழித்தது. காத்தான்குடி முதல் கல்முனை, சாய்ந்தமருது வரை நாட்டின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் சில இந்த மணலின் மேல்தான் எழுந்தன.

படுவான்கரை வயலுக்கு ஏற்ற களிமண் தரை. மாரியில் அது வெள்ளக்காடாகும். கோடையில் குளத்து நீரை நம்பியிருக்க வேண்டும். 1940கள் வரை மலேரியாவும் அங்கே ஆட்களைத் தங்கவிடவில்லை. எனவே போடியார் எனப்படும் பெருநிலக்காரரின் வீடு கிழக்கேயும் அவருடைய வட்டை, அதாவது வயல்வெளி, மேற்கேயுமாக அமைந்த குடும்பங்கள் பல. விதைப்புக்கும் அறுவடைக்கும் வாவியைக் கடந்து போய் வாடி என்ற தற்காலிகக் குடிலில் தங்குவார்கள். நெல்லும் தயிரும் விறகும் இக்கரைக்கு வரும், மீனும் தேங்காயும் துணியும் அக்கரைக்குப் போகும். வாவி இரு கரைகளையும் பிரித்தது என்று எழுதுகிறவர்கள் ஓடத்துறைகளை மறந்துவிடுகிறார்கள். 2014இல் பாலம் திறக்கப்படும் வரை மண்முனைத்துறையில் நடந்த போக்குவரத்து அந்தப் பண்டமாற்றின் தொடர்ச்சிதான்.

மணல் நீரை எளிதாக ஏற்பதுபோல் உப்பையும் கழிவையும் எளிதாக ஏற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகள் உவர்ப்பானமைக்கும், நெருக்கம் மிகுந்த ஊர்களில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் போதாமல் நீர் கெடுவதற்கும் அதுவே காரணம்.

உயர்தர மாணவர்: கொழும்பில் மழை கொட்டும் ஆடி மாதத்தில் இங்கே நிலம் வெடிப்பது ஏன்?

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்து வருகிறது. நாம் கச்சான் காற்று என்பது அதைத்தான். நமது ஆண்டு மழை 1,600 மில்லிமீற்றரைத் தாண்டினாலும், அதன் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையே பெய்து முடிந்துவிடும்.

தொழில் நாட்காட்டியும் இதன்படியே அமைந்தது. மாரியில் கடல் கொந்தளிக்கும், வயல் உழப்படும். கோடையில் வயல் ஓயும், கடல் அமைதியாகும். மேற்குக் கரையில் கடல் குழம்பும் அந்த மாதங்களில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கிழக்கே வந்து வாடி அமைப்பதும் இதனால்தான்.

பொத்துவில் வாசகர்: அறுகம் குடாவுக்கு வெளிநாட்டவர் மே மாதத்தில் வருவதும் இதனாலா?

ஆம். தெற்கிலிருந்து ஒழுங்காக வரும் அலையும் மழையற்ற வானமும் அப்போது அங்கே ஒன்றுசேர்கின்றன.

புளியந்தீவு வாசகர்: ஒல்லாந்தர் முதலில் வந்து இறங்கிய இடம் மட்டக்களப்பு. பெரிய துறைமுகம் மட்டும் ஏன் திருகோணமலைக்குப் போனது?

1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இங்கே இறங்கியது, கண்டி மன்னனிடம் போகப் போர்த்துக்கீசர் பிடியில் இல்லாத வழி தேவைப்பட்டதால். போர்த்துக்கீசர் 1628இல் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியதும் கண்டியின் இந்தக் கடல்வாசலுக்காகத்தான். ஆனால் வாசல் ஆழமற்றது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டே இருக்கும். பெரிய கப்பல் வெளியே நங்கூரமிட, சரக்கைத் தோணியில் ஏற்ற வேண்டும். திருகோணமலையிலோ கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு அருகே வரை ஆழமாகவே வருகிறது.

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டபோதும் மணலின் கணக்கு போதிய அளவு மதிக்கப்படவில்லை என்பது என் கருத்து. இக்கரையில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. நடுவே அணை நீட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறக் கரை தின்னப்படும். ஒலுவில் வாயிலில் மணல் அடைத்ததும் அதன் வடக்கே தென்னந்தோப்புகள் கடலில் விழுந்ததும் அவ்வாறே நிகழ்ந்தன.

சம்மாந்துறை விவசாயி: சேனநாயக்க சமுத்திரத்தால் நமக்கு நன்மையா, தீமையா?

இரண்டும். பட்டிப்பளை ஆறு என்று நாம் அழைக்கும் கல் ஓயாவை இங்கினியாகலையில் மறிக்கும் திட்டம் 1949இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான அது வெள்ளத்தை ஓரளவு அடக்கியது, கோடைச் செய்கையான சிறுபோகத்தைப் பல வட்டைகளுக்கு உறுதியாக்கியது. அதே வேளை மேல்நிலத்தில் வெளியிலிருந்து வந்த குடியேற்றங்கள் மக்கட்பரம்பலையே மாற்றின; 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது அதன் தொடர்ச்சி. ஆற்றின் கடைசியில் வழிவழியாக உழுதவர்கள் வாய்க்காலின் கடைசியிலும் நிற்க வேண்டியதாயிற்று. 1980களில் இடதுகரை வாய்க்கால்களில் விவசாயிகளே குழுவாகி முறைவைத்துப் பகிர்ந்தபோது கடைசி வயல்களுக்கும் நீர் எட்டியது. ஆகவே அணை தண்ணீரைத் தேக்கித் தரும். யாருக்கு எவ்வளவு என்பது மதகில் நிற்பவர்களின் உடன்பாட்டைப் பொறுத்தது.

அக்கரைப்பற்று வாசகி: நெல் விளைவது இங்கே, ஆனால் விலை சொல்வது வெளியூர் ஆலைக்காரர். ஏன்?

மாரிச் செய்கையான பெரும்போகத்தின் நெல் முழுவதும் தை, மாசி, பங்குனி மாதங்களில் ஒரே நேரத்தில் களத்துக்கு வருகிறது என்பது முதல் சிக்கல். முன்பு வெட்டிய கதிரைச் சூடு வைத்து, அதாவது போராகக் குவித்து, காய்ந்தபின் மிதித்தார்கள். நெல் வீட்டுக்கு வரும்போதே உலர்ந்திருக்கும், பட்டறை எனும் நெற்சேமிப்பில் வைத்து விலை பார்க்கலாம். இன்று இயந்திரம் அறுத்த கையோடு ஈரநெல்லைத் தருகிறது. பின்மாரி மழையும் சேர்ந்தால் வீதியில்கூடக் காயவைக்க இடமில்லை. உரக்கடனும் காத்திருக்கிறது. வயலோரத்தில் நிற்கும் பொலன்னறுவை லொறிக்காரர் ஈரத்துக்கென்று கழிவு பிடித்துச் சொல்லும் விலைக்கு அன்றே கொடுத்துவிடுகிறார்கள். உலர்த்தும் இயந்திரமும் களஞ்சியமும் கூட்டாக வைத்திருக்கும் ஊர் குறைந்தது ஒரு மாதமாவது நெல்லைப் பிடித்துவைக்க முடியும். உங்கள் கமநல அமைப்பில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.