வெளியேறல் அறிவித்தலுக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றம் போகலாமா?

கேள்வி: படுவான்கரையில் அரச காணியொன்றில் அப்பா காலத்திலிருந்து குடியிருக்கிறோம். இப்போது காணியை விட்டு எழும்பச் சொல்லி அறிவித்தல் வந்திருக்கிறது. ஜெர்மனியில் இருக்கும் மச்சான், "இங்கே மாநிலத்துக்கு மாநிலம் அரசியலமைப்பு நீதிமன்றம் உண்டு, நீங்களும் மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்கிறார். போகலாமா?

பதில்: ஜெர்மனியைப் பற்றி மச்சான் சொன்னது சரி. அங்கே 16 மாநிலங்களுக்கும் அந்த நீதிமன்றம் உண்டு. கடைசியாக 2008இல் ஸ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் அமைத்தது. பவேரியாவில், தனக்கு நேரடிப் பாதிப்பு இல்லாதவர்கூட உரிமையைப் பறிக்கும் மாநிலச் சட்டத்தை எதிர்த்து மனுப் போடலாம். ஆனால் இந்த நீதிமன்றங்கள் அளவுகோலாகக் கொள்வது அந்தந்த மாநிலத்தின் சொந்த அரசியலமைப்பை. கூட்டாட்சி அரசியலமைப்புக்குப் பொருள் சொல்வதில் கார்ல்ஸ்ரூவவிலுள்ள கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பிலிருந்து விலக நினைத்தால், விடயத்தை அங்கேயே அனுப்பவேண்டும்.

கிழக்கு மாகாணத்துக்குச் சொந்த அரசியலமைப்பு கிடையாது. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தந்த மாகாண மேல் நீதிமன்றம், மாகாண சபை நிரலில், அதாவது மாகாண சபைக்கு ஒதுக்கிய அதிகாரங்களின் பட்டியலில், உள்ள விடயங்களில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் அல்லது தடுக்கும் கட்டளை போன்றவை) வழங்கலாம். கூட்டுறவுச் சங்க உத்தரவு, பிரதேச சபையின் தீர்மானம் போன்றவற்றுக்கு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வழக்கிடலாம். சட்டவிரோதத் தடுத்துவைப்புக்கு ஆட்கொணர்வு மனுவும் அங்கே போடலாம்.

உங்கள் விடயம் காணி. நிரலில் "காணி" என்று இருப்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். 2013 செப்டெம்பரில், சோலைமுத்து ராசு வழக்கில், அரச காணி மாகாண சபையின் அதிகாரத்துக்குள் வராது, ஆகவே வெளியேறல் அறிவித்தலுக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை வழங்க முடியாது என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதனால் எழுத்தாணை கேட்டு நீங்கள் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகவேண்டும். காணிப் பிணக்கு இவ்வளவு மலிந்த மாவட்டங்களின் மக்களை இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அலைய விடுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான்.

அரச காணியிலிருந்து ஆட்களை வெளியேற்றுவதற்கான 1979இன் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அறிவித்தலில் குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும். அதற்குள் எழும்பாவிட்டால் உங்களை வெளியேற்றக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிப்பார்கள். அங்கே எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது எடுபடாது. செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்து அதிகாரமோ காட்டவேண்டும். நீதவானின் கட்டளையை மீளாய்வு செய்யக் கோரி மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தக் கட்டத்தில் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

பாரபட்சமாக நடத்தப்பட்டீர்கள் என்றால் அடிப்படை உரிமை மீறல் மனு, அதுவும் உயர் நீதிமன்றத்தில் மட்டும், ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மட்டக்களப்பிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது; விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிவையுங்கள். அறிவித்தல், அனுமதிப்பத்திரம், அப்பாவின் பெயரில் உள்ள கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.