போர்க்கால நாவல்களில் தன்பாலீர்ப்பு ஏன் பூடகமாகவே வருகிறது?

சேலத்தில் நாங்கள் சிலர் கூடும் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஆணுக்கு ஆண் மீதோ பெண்ணுக்குப் பெண் மீதோ வரும் காதல்தான் தன்பாலீர்ப்பு. பழைய போர் நாவல்களில் பெரும்பாலும் அது 'உயிர்த்தோழன்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும்.

முக்கியக் காரணம் சட்டம். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு 1967 வரை குற்றம். ராணுவத்தில் தடை நீங்கியது 2000-இல்தான். ரோஸ் அலட்டினி 1918-இல் புனைபெயரில் எழுதிய 'டெஸ்பைஸ்ட் அண்ட் ரிஜெக்டட்' நாவலின் நாயகன் போருக்குப் போக மறுப்பவன், இன்னொரு ஆணை நேசிப்பவன். நாவல் மீது வழக்கு வந்தது, பதிப்பாளருக்கு அபராதம். வேடிக்கை என்னவென்றால், குற்றச்சாட்டு காதலைப் பற்றியதல்ல. புத்தகம் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பதைக் கெடுக்கிறதாம்!

ஏற்காடு மலைப்பாதையில் மூடுபனி நேரத்தில் போயிருக்கிறீர்களா? எதிரே வரும் பஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஹாரனும் மங்கலான மஞ்சள் வெளிச்சமும், கொண்டை ஊசி வளைவில் அது வருகிறது என்று சொல்லிவிடும். ஒரு கடிதம், ஒரு பார்வை, சட்டென்று நிற்கும் பேச்சு: இந்த நாவல்களில் இவைதான் ஹாரன்.

மேரி ரெனால்ட் 1953-இல் 'தி சாரியட்டீர்' நாவலில் கொஞ்சம் துணிந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் டன்கர்க்கில் காயப்பட்ட சிப்பாய் லாரி, இரண்டு ஆண்களுக்கிடையே மனம் அலைபாய்கிறான். அமெரிக்காவில் அது வெளிவர 1959 ஆனது.

அப்புறம், போர்தான் இந்தப் பாத்திரங்களைத் தன்பாலீர்ப்பின் பக்கம் மாற்றியது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த இருவரில் ஒருவனான ரால்ஃப் பக்கம் லாரியின் மனம் சாய்ந்தது பள்ளிக்கூடத்திலேயே; டன்கர்க் வந்தது அதற்குப் பிறகுதான்.