நீலப் பொம்மையை எடுத்த ஒன்பது மாதக் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது மாதம். எங்கள் ஊரில் புதிதாகத் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையத்தில் இலவசப் பரிசோதனை என்று அழைத்தார்கள். மேட்டில் ஏற முயலும் ஒரு பொம்மையை மஞ்சள் பொம்மை தள்ளிவிட்டு உதவுகிறது, நீலப் பொம்மை கீழே உருட்டிவிடுகிறது. அதைக் காட்டியபின் இரண்டையும் தட்டில் வைத்து நீட்டினார்கள். மூன்று முறையும் பாப்பா நீலத்தையே எடுத்தாள். "ஆறு மாதக் குழந்தையே உதவும் பொம்மையைத்தான் எடுக்கும், அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள். உங்கள் குழந்தைக்கு இரக்க உணர்வு குறைவு" என்று சொல்லி, ஆறு மாதப் பயிற்சிக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டிவிடலாம் என்கிறார் மாமியார். எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்யட்டும்? - ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பணம் கட்டாதீர்கள் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். உங்கள் மகள் நீலப் பொம்மையை எடுத்தாள், அவ்வளவுதான். அதிலிருந்து அவள் மனதைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

அவர்கள் சொன்ன ஆய்வு உண்மையானது. 2007இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைலி ஹாம்லினும் அவருடைய ஆசிரியர்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. பத்து மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும், ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரில் 12 பேரும் உதவிய பொம்மையை எடுத்தார்கள். உலகம் முழுவதும் செய்தியானது. நானும் பல வருடம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஆறு மாதம், பத்து மாதம் என்ற இரு பிரிவையும் சேர்த்து மொத்தம் 28 குழந்தைகள்.

ஏன் இவ்வளவு குறைவு? கைக்குழந்தையை வைத்து ஆய்வு செய்வது அத்தனை சிரமம். வரும் வழியிலேயே தூங்கிவிடும், பாதியில் அழும், பசிக்கும். ஒரு பிரிவுக்கு இருபது குழந்தைகள்கூடச் சேராத ஆய்வுகள்தான் இந்தத் துறையில் வழக்கம். வருகிறவர்களும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் படித்த வீட்டுப் பிள்ளைகள். அந்தச் சிலரை வைத்து 'குழந்தைகள்' என்று உலகத்துக்கே பொதுவாக எழுதிவிடுகிறோம்.

இதைச் சரிசெய்யத்தான் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ஃபிராங்க் போன்றவர்கள் 'மெனி பேபீஸ்' என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார்கள். ஒரே சோதனை, ஒரே செய்முறை. எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்வார்கள். உங்கள் மகளுக்குக் காட்டிய அதே பொம்மை சோதனையையும் ஐந்து கண்டங்களில் 37 ஆய்வகங்கள் செய்து பார்த்தன. ஆயிரத்துக்குக் கொஞ்சம் அதிகமான குழந்தைகள் வந்தார்கள். பல காரணங்களால் விலக்கியவர்கள் போக, கணக்கில் சேர்ந்தவர்கள் ஐந்தரை முதல் பத்தரை மாத வயதுள்ள 567 பேர். முடிவு 2024இல் வந்தது. அவர்களில் உதவும் காட்சியைப் பார்த்த குழந்தைகளில் உதவிய பொம்மையை எடுத்தவர்கள் 49.34 சதவீதம். பூவா தலையா போட்டுப் பார்த்தால் வருகிற அளவு. மறு பாதிக் குழந்தைகள் எடுத்ததைத்தான் உங்கள் மகளும் எடுத்திருக்கிறாள்.

அந்தக் கூட்டாய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஹாம்லினும் ஒருவர். தன் பெயரைப் பிரபலமாக்கிய ஆய்வையே உலகத்தின் முன் மறுபடி சோதிக்கக் கொடுத்து, வந்த முடிவை அப்படியே வெளியிட்டார். எங்கள் துறையில் நான் மிகவும் மதிக்கும் செயல் அது.

குழந்தைகளுக்கு நல்லது கெட்டது தெரியாது என்று இதனால் முடிவுகட்ட முடியாது. முதல் ஆய்வில் நேரில் ஆட்டிக் காட்டிய பொம்மைகள், கூட்டாய்வில் வீடியோ. அந்த விவாதம் எங்களுக்குள் நடக்கட்டும். உங்களுக்கு வேண்டியது வேறு. 2007 ஆய்விலேயே 16 பேரில் இரண்டு குழந்தைகள் மற்றப் பொம்மையை எடுத்தார்கள். அவர்களுக்கு இரக்கம் இல்லை என்று அந்த ஆய்வாளர்கள் எழுதவில்லை. இது கூட்டத்தின் சராசரியைப் பார்க்கும் சோதனை. ஒரு தனிப் பிள்ளைக்கு மார்க் போட இதைப் பயன்படுத்தவே கூடாது.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் தெரிகிறது. மூன்று முறையும் தடுத்தது நீலம்தான். முறையான ஆய்வில் எது உதவும், எது தடுக்கும் என்பதை ஒவ்வொரு குழந்தைக்கும் மாற்றுவார்கள். தட்டில் வைக்கும் பக்கத்தையும் மாற்றுவார்கள். தட்டை நீட்டுகிறவருக்கே எது எந்தப் பொம்மை என்று தெரியாதபடி பார்த்துக்கொள்வார்கள். தாயைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். உங்கள் பாப்பாவுக்கு நீல நிறம் பிடித்திருக்கலாம், அல்லது அந்தக் கைப்பக்கம் வாட்டமாக இருந்திருக்கலாம்.

இந்த வியாபாரம் புதிதல்ல. மோட்சார்ட் இசை கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும் என்று குறுந்தகடு விற்றார்களே, அதன் மூலம் என்ன தெரியுமா? 1993இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், ஒரு குழந்தைகூட இல்லை. அதை நம்பி 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத் தகடு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். இங்கே விரல் ரேகை பார்த்து அறிவைச் சொல்கிறேன் என்பவர்களும், நடுமூளையைத் தூண்டிவிடுகிறேன் என்பவர்களும் அதே வழியில் வந்தவர்கள்தான். முதலில் இலவசப் பரிசோதனை, அப்புறம் ஒரு குறை, அப்புறம் ரசீது. என்னிடம் வரும் பெற்றோரில் பலர் நகையை அடகு வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இனி யாராவது "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்றால் எத்தனை குழந்தைகள், எந்த ஊர்க் குழந்தைகள், வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, கொஞ்சிப் பேசும் குரலைக் குழந்தைகள் விரும்புகிறார்களா என்று 2020இல் வந்த மெனி பேபீஸ் கூட்டாய்வு 67 ஆய்வகங்களில் 2,329 குழந்தைகளிடம் பார்த்தது. விரும்புகிறார்கள். ஆனால் பழைய ஆய்வுகள் காட்டியதில் ஏறக்குறைய பாதி அளவுதான். ஒலித்தது வட அமெரிக்க ஆங்கிலம், அதை வீட்டில் கேட்டு வளரும் குழந்தைகளிடம் விருப்பம் கூடுதலாக இருந்தது. தமிழ்க் கொஞ்சலுக்கு நம் பிள்ளைகள் எப்படி என்பதை நம் ஊரில்தானே பார்க்க வேண்டும்? அதற்கு இங்கே எத்தனை ஆய்வகம் இருக்கிறது? இங்கே ஓர் ஆய்வாளர் நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் நாற்பதாவது பெயராக இருந்தால் பதவி உயர்வுக்கு அது பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. பத்துக் குழந்தையை வைத்துத் தனியாக ஒன்று எழுதினால் புள்ளி கிடைக்கிறது. இப்படி வைத்துக்கொண்டு நல்ல ஆய்வு வரவில்லையே என்றால் எப்படி வரும்?

சரி, ஒன்றை மட்டும் நிச்சயம் பாருங்கள். காது. எந்தப் பொம்மை சோதனையையும்விட இந்த வயதில் அதுதான் முக்கியம். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? தட்டைத் தரையில் தட்டிப் பார்க்காதீர்கள், அதிர்வை உணர்ந்தே திரும்பிவிடுவாள். முகத்துக்கு எதிரே நின்று கூப்பிடுவதும் உதவாது, உங்கள் வாயையும் சிரிப்பையும் பார்த்துச் சிரிப்பாள். சின்ன வயதில் 'ஆ, ஊ' என்று சத்தம் போட்டாளே என்றும் நிம்மதியடைய வேண்டாம், காது கேளாத குழந்தையும் அப்படிச் சத்தம் போடும். 'பாபா', 'மாமா' போன்ற ஒலிகள் இப்போது வருகிறதா என்று கவனியுங்கள். சொந்தத்தில் திருமணம், குடும்பத்தில் காது கேளாதவர், குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, இதில் ஏதாவது இருந்தால் திரும்புகிறாள் என்று தோன்றினாலும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள், தேவைப்பட்டால் பெரா டெஸ்ட் (ஒலி கேட்கும்போது காது நரம்பும் மூளையும் எப்படி இயங்குகின்றன என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்வார்கள்.

மாமியாரிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். நீலப் பொம்மை பிடித்திருந்தால் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.